அண்ணியின் வேகம்

பிறர் கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. பொறியாளர் என்றால் எங்கள் தெருவில் ஒன்று கட்டடம் கட்டுகிறவர், இல்லை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். நான் இரண்டும் இல்லை என்று சொன்னபோது நைனாவுக்குப் புரியவில்லை.

"அப்ப இன்னாதான் பண்ற?"

ஒரு வேலையை ஒரு ஆள் எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்று அளந்து, அதைவிடக் குறைந்த நேரத்தில் எப்படிச் செய்யலாம் என்று சொல்கிற வேலை என்றேன். அவர் வாழ்நாள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேஸ்திரி வேல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரி ஆவதற்கு நான்கு வருடம் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே மாடு ஓட்டப் போய்விட்டான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெருமையாகத்தான் சொல்வேன். என் அடையாள அட்டையை மற்றவர்கள் கம்பெனி வாசலில் மாட்டுவார்கள். நான் திருத்தணி பைபாஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்வேன். அதில் என் பெயருக்குக் கீழே 'பொறியாளர்' என்று இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்க நான் படிக்கவில்லை.

அதே இடத்தில்தான் காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றும் வேனும் நிற்கும். அண்ணி அதில் ஏறுவாள்.

அண்ணி நகரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். தெலுங்கில் பத்தாவது வரை படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் கல்லூரியில் இருந்தபோது கல்யாணம் ஆனது. அண்ணனின் ஷேர் ஆட்டோ கிருத்திகைக்குக் கிருத்திகைதான் நிறையும். மற்ற நாட்களில் மலைப் படிக்கட்டுக்கு எதிரே நின்று கொட்டாவி விடும். அதனால் அண்ணி நடவுக்குப் போனாள், களையெடுக்கப் போனாள். நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், அதே கம்பெனிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் காண்ட்ராக்டரின் ஆளைப் பார்த்துச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் தொழிற்சாலை பெரியது. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கிறோம். ஒரு ஆள் உயரப் பலகை ஒன்று கன்வேயரில் நகர்ந்து வரும். அதில் முளைகள் இருக்கும். ஒயர்களை முளைகளுக்கு நடுவே ஓடவிட்டு, முனைகளைக் கனெக்டரில் குத்தி, கறுப்பு டேப் சுற்றிக் கட்ட வேண்டும். ஒருவர் முடித்ததும் பலகை அடுத்தவரிடம் போகும். அண்ணியின் லைனில் அப்படி ஆறு பெண்கள். எல்லாரும் காண்ட்ராக்ட். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காவிட்டால் அத்தோடு முடிந்தது.

"இந்த வேலய மட்டும் நான் உடமாட்டேன் பாப்பா" என்று அண்ணி அடிக்கடி சொல்வாள். ஃபேன் இருக்கிறது, கதவு போட்ட கக்கூஸ் இருக்கிறது, மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடலாம், சேற்றில் நிற்க வேண்டாம், நிலத்துக்காரன் வாயில் விழ வேண்டாம். அவள் கேட்டது அவ்வளவுதான். அது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

வீட்டில் நான் அவளை வா, போ என்பேன். அவளும் அப்படித்தான். கம்பெனியில் அவள் என்னை 'மேடம்' என்பாள். அதை அவள் சொல்கிற விதமே தனி. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொல்வாள். கனகம்மாசத்திரம் தாண்டி எங்கள் பஸ் அவர்கள் வேனை முந்தும்போது, "அதோ, எங்க பாப்பா போவுது, ஏசி பஸ்ஸுல" என்று ஒவ்வொரு நாளும் வேனில் சொல்வாளாம். "நேத்தும் இதே பஸ்லதான் போச்சி, ஒங்க பாப்பா" என்று மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

இப்போது ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நேரம் அளக்க நாங்கள் லைனுக்குப் போனால், எல்லாப் பெண்களின் கைகளும் மெதுவாகிவிடும். யாரும் சொல்லித்தருவதில்லை. புதிதாக வந்தவள்கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வாள். தலையில் போட்ட வலையைச் சரிசெய்வார்கள். சுற்றிய டேப்பை இன்னொருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். கனெக்டரைச் சும்மா ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அளக்கிற எங்களுக்கும் அது தெரியும். அதற்கென்று நாங்கள் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். அவர்கள் கூட்டுவதும் நாங்கள் கழிப்பதுமாக, நடுவில் எங்கோ ஒரு நேரம் முடிவாகும். அதில்தான் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கும் இது தெரியும். வேறு பொறியாளர் வந்தபோது அவளும் மெதுவாகச் செய்தவள்தான்.

புது மாடல் காருக்கான வேலை வந்தது. அந்த லைனை அளக்கும்படி மேனேஜர் என்னை அனுப்பினார். "அங்க எங்க அண்ணி இருக்காங்க சார்" என்றேன். "நல்லதாப் போச்சு. ஒழுங்கா ஒத்துழைப்பாங்க" என்றார்.

இப்போதெல்லாம் கையில் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. முக்காலியில் கேமராவை நிறுத்திப் படம் எடுப்போம். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு கையசைவையும் பிரித்து அளப்போம். முதல் ஐந்து பேரையும் எடுத்தேன். வழக்கம்போல் வலையைச் சரிசெய்தார்கள், டேப்பை அழுத்தினார்கள். கடைசியில் அண்ணியிடம் வந்து முக்காலியை நிறுத்தினேன்.

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பலகை வந்தது. அவள் கைகள் கிளம்பின.

அந்த லைனில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. இடது கை ஒயரை ஓடவிடும்போதே வலது கை அடுத்த முனையை எடுத்திருந்தது. டேப் அவள் விரலைச் சுற்றுகிறதா, ஒயரைச் சுற்றுகிறதா என்று தெரியவில்லை. கனெக்டர்கள் டக் டக்கென்று உட்கார்ந்தன. வலையைத் தொடவில்லை. எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

பக்கத்தில் வேலை செய்த அம்மையார்குப்பத்து அக்கா முதலில் பார்த்தாள். "இன்னாடி இது, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவணுமா? இன்னா அவசரம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க வூட்டுப் பொண்ணு வந்து நின்னுகினு இருக்குது, நான் தூங்கிகினா இருப்பேன்?"

நான் குனிந்து, "அண்ணி, மெதுவாப் பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

"எனுக்குப் பயமில்லிங்க மேடம். நீங்க எடுங்க" என்று சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி சொன்னாள். அடுத்த பலகையில் இன்னும் வேகமாகச் செய்தாள். நான் எடுக்கிற படம் நன்றாக வர வேண்டும். அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தது அது ஒன்றுதான். நாத்தனார் வேலையில் ஒரு குறை வரக் கூடாது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவன் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நிமிர்ந்து நின்று, சிரித்த முகம் மாறாமல், பலகை பலகையாக முடித்துத் தள்ளினாள்.

என்னால் அதை அழிக்க முடியாது. கேமராவில் எடுப்பது நேரே கம்பெனியின் சர்வருக்குப் போய்விடும்.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் இயல்பைவிட வேகமாகச் செய்திருந்தால், அளந்த பொறியாளர் அதைக் குறிப்பிட்டு நேரத்தைக் கூட்டிக்கொடுக்கலாம். நான் கூட்டிக் கொடுத்தேன். மேனேஜர் என் கணக்கைப் பார்த்துவிட்டுப் படத்தைப் போடச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு கூட்டியிருக்க?"

"இது அவங்க சாதாரண வேகம் இல்ல சார்."

"சிரிக்கிறாங்க பாரும்மா. முடியாம செய்றவங்க சிரிப்பாங்களா?"

"எனக்காகச் செஞ்சாங்க சார். நான் அவங்க வீட்டுப் பொண்ணு. அதான்."

"அப்ப மத்த அஞ்சு பேரும் நமக்கு எதிராச் செஞ்சாங்க. அதையும் ஒத்துக்கிறியா?"

அவர் சொன்னதும் உண்மைதான். மறுபடி ஒருமுறை அளக்கிறேன் என்றேன். செய்ய முடியும் என்பதற்குப் படமே இருக்கும்போது எதற்கு என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுத்தந்தவர். கார் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள், அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார், அவருக்கும் மேலே ஒருவர் கேட்கிறார். "நீ நல்லாப் பண்ற. மனச மட்டும் உள்ள கொண்டாராத" என்றார். நான் கூட்டியதை எடுத்துவிட்டார். மற்ற ஐந்து பேரின் நேரத்தையும் அண்ணியின் வேகத்துக்கு இறக்கினார். ஆறு பேர் வேலையை ஐந்து பேர் செய்யலாம் என்று கம்ப்யூட்டர் காட்டியது. மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவுக்குக் கைதட்டினார்கள்.

படம் எடுத்த அன்று வீட்டில் அண்ணி அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். தோசை ஊற்றிக்கொண்டே கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினாள்.

"ஒங்க சார் பாத்தாரா? இன்னா சொன்னாரு?"

"இன்னும் பாக்கல அண்ணி."

"பாத்தா அசந்துடுவாரு."

"இவ்ளோ ஸ்பீடா இங்க ஒரு நாளாவது தோச போட்டுக்கிறியா?" என்று அண்ணன் கேட்டான்.

"நீ இன்னா கேமராவா வச்சிக்கிற?" என்றாள்.

நைனாகூடச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடம் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து கட்டைவிரலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். டேப்பின் பசை சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். லைனில் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்றேன்.

"யார எட்துடுவாங்க?"

"தெரியல. ஒன்ன இல்ல."

"ஆங், என்ன எதுக்கு எடுக்கறாங்க? மெதுவா செய்றவங்களத்தான எடுப்பாங்க" என்றாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நான் பண்ணதுனாலயா?" என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா அண்ணி" என்றேன்.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே, மெதுவாப் பண்ணுன்னு."

"நீ மேடமா சொன்ன. எனுக்குப் பயமா இருக்கும்னு சொல்றன்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

அம்மையார்குப்பத்து அக்காவை வேறொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கம் வேன் போகாது. அவள் நின்றுவிட்டாள். கடைசி நாள் வேனிலிருந்து இறங்கும்போது அண்ணியிடம், "நல்லா இருடி. ஒங்க நாத்தனா பேரக் காப்பாத்திட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகு எங்கள் பஸ் முந்தும்போது வேனில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அண்ணியும்தான்.

ஐந்து பேர் லைன் ஓட ஆரம்பித்தது. பலகைகள் அண்ணியின் வேகத்தில் வந்தன. காலை டீ வரை அண்ணி சமாளிப்பாள். அதற்குப் பிறகு அவளாலும் முடியாது. என் முன்னால் அவள் செய்தது கொஞ்சம் பலகைகள். இது ஒரு ஷிஃப்ட் முழுக்க. எங்கள் லைன்களில் யாராவது பின்தங்கினால் அவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். கூடவே ஒரு மெட்டு ஒலிக்கும். எந்த இடத்தில் தாமதம் என்று சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வதற்காக இடத்துக்கு ஒரு மெட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணியுடைய மெட்டு பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் வருவது மாதிரி இருக்கும். மேல் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் என் மேசை. கதவு திறக்கும்போதெல்லாம் அது கேட்கும். மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி கேட்கும். நான் கம்ப்யூட்டரில் வேறொரு லைனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. டேப் வைக்கும் தாங்கி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதைக் கைக்குப் பக்கத்தில் இறக்க ஏற்பாடு செய்தேன். பலகையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றச் சொன்னேன். இரண்டுமே பலித்தன. ஒரு வாரம் அந்த மெட்டு குறைவாகவே கேட்டது. "இப்ப தோள் வலி இல்ல பாப்பா" என்றாள். மாதக் கடைசியில் என் பெயரிலேயே அந்த முன்னேற்றத்தைக் கணக்கெழுதி, மிச்சமான நேரத்தையும் கழித்துவிட்டார்கள். பலகைகள் இன்னும் கொஞ்சம் வேகமாக வரத் தொடங்கின. அவளுக்கு மூச்சுவிட நான் தேடிக்கொடுத்த நேரம் அது. அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். நைனா அதைச் சுவரில் மாட்டினார். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் கதையைச் சொல்லியிருந்தால் அவர் நைனாவாக மட்டும் இருந்திருக்க மாட்டார், கரும்பு வெட்டியவராகவும் இருந்திருப்பார்.

அதற்கு நடுவில்தான் சூப்பர்வைசர் அந்தப் படத்தை லைனில் போட ஆரம்பித்தார். ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரும் கூடும் இடத்தில் ஒரு டிவி இருக்கிறது. வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று அதில் காட்டுவார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே ஒயர் ஓட்டுகிற படம் அதில் தினமும் ஓடியது. அண்ணியும் மற்ற நாலு பேரோடு நின்று அதைப் பார்ப்பாள்.

"அந்தம்மா நல்லாப் பண்ணுதுல்ல? யாருடி அது?" என்று ஒருத்தி கேட்பாளாம்.

"யாரோ இன்ஜினியர் வூட்டு ஆளாம்" என்று இன்னொருத்தி சொல்வாளாம்.

அண்ணி இதை எங்களிடம் சிரிப்பில்லாமல் சொன்னாள். அண்ணன் அன்று கிண்டல் செய்யவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் பைபாஸில் வண்டிகளுக்காக ஒன்றாக நின்றுகொண்டிருந்தோம். வழக்கமாக அங்கே அவள் என்னோடு பேச மாட்டாள். மேடமா பாப்பாவா என்று முடிவாகாத இடம் அது. அன்று பேசினாள்.

"இன்னொரு தபா வந்து எடு பாப்பா. இந்தத் தபா ஒழுங்கா மெதுவாப் பண்றேன்."

"அப்படிக் கூட்ட விடமாட்டாங்க அண்ணி. ஒருதடவ இறங்கினா இறங்கினதுதான்."

"நீதான இன்ஜினியர்?"

வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் வந்தது, ஏறினேன். அன்று மேனேஜரிடம் மறுபடி கேட்டேன். வேலை முறை மாறினால்தான் நேரம் மாறும், முறை மாறினால் நேரம் குறையத்தானே செய்யும், கூடுமா என்றார். அண்ணியை வேறு லைனுக்காவது மாற்றுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். காண்ட்ராக்ட் ஆளை எங்கே நிறுத்துவது என்பது காண்ட்ராக்டரின் பாடு என்றார். காண்ட்ராக்டரின் ஆள், கம்பெனி சொன்னால் செய்கிறேன் மேடம் என்றார். மூன்று பேரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

வருடம் முடிந்தது. புதுப்பிக்கும்போது, யார் தலைக்கு மேல் விளக்கு அதிகம் எரிந்தது என்று பார்த்தார்கள். அண்ணி தலைக்கு மேல்தான். லைனில் அவளுடையது கடைசி இடம் என்பதால் முன்னால் இருப்பவர்களின் தாமதமும் அவள் தலையில்தான் விடியும். இதையும் நான் எழுதிக்கொடுத்தேன். யாரும் மறுக்கவில்லை. அண்ணியைப் புதுப்பிக்கவும் இல்லை.

இப்போது மலைக்குக் கீழே ஒரு ஓட்டலில் காய் நறுக்கப் போகிறாள். நின்றபடியே வேலை. தட்டும் நாற்காலியும் இல்லை, முதலாளியின் வாய் இருக்கிறது. "அங்க யாரும் படம் எடுக்கல, நிம்மதியா நறுக்கு" என்றான் அண்ணன். அவள் சிரித்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குச் சில நாள் தோன்றும். காலையில் எனக்கு மட்டும் டிபன் டப்பா கட்டித்தருகிறாள். பைபாஸில் வேன் வருகிறது, நிற்கிறது, போகிறது. நான் அட்டையை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

போன வாரம் வாசலில் உட்கார்ந்து நகத்துக்குள் போன வாழைப்பூக் கறையை எண்ணெய் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் படம் இன்னும் ஓடுதா பாப்பா?"

"ஓடுது அண்ணி. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அதத்தான் போடறாங்க."

விரலைத் துணியில் துடைத்தாள்.

"அதுல நல்லாத்தான இருக்கறேன்?"

"நல்லா இருக்க அண்ணி" என்றேன்.